குவாங்சோ பயணம்: கிலோமீற்றரைப் பார்ப்பதா, மணித்தியாலத்தைப் பார்ப்பதா?

சரக்கெடுக்கச் சீனா செல்வது இன்று புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் உரிய விடயமல்ல. ஊரில் சிறு கடை வைத்திருப்போரும் போய் வருகின்றனர். ஆனால் டிக்கட் எடுக்கும்போது பலரும் விலையை மாத்திரமே பார்க்கின்றனர்.

கட்டுநாயக்கவுக்கும் குவாங்சோவுக்கும் இடையே ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். நான் வழமையாகப் போடும் கணக்கு ஒன்றுண்டு. தூரத்தை 800ஆல் பிரித்து, ஏறி இறங்குவதற்கென அரை மணித்தியாலம் சேர்ப்பேன். இதன்படி ஐந்தரை மணித்தியாலம் வரும். நேரடி விமானமும் அநேகமாக அவ்வளவு நேரமே எடுக்கும். காற்றைப் பொறுத்துச் சிறிது கூடலாம், குறையலாம்.

டிக்கட்டில் அச்சிட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீனா நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முந்தியது. அதிகாலை 1 மணிக்குப் புறப்பட்டால் அங்கு இறங்கும்போது காலை 9 மணி. திரும்புகையில் இரவு 7 மணிக்கு ஏறினால் இங்கு 10 மணிக்கே வந்துவிடலாம். போகும்போது எட்டு மணித்தியாலம், வரும்போது மூன்று என்று கடிகாரம் காட்டும். பறக்கும் நேரம் என்னவோ ஒன்றுதான். (2006 ஏப்ரலுக்கு முன் வித்தியாசம் இரண்டு மணித்தியாலமாக இருந்தது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதையே சொல்கின்றனர்.)

துணிக்கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் டுபாய் வழியான டிக்கட் ஒன்றைக் காட்டி, "நானா, 18 ஆயிரம் ரூபாய் மிச்சம்" என்றார். கிழக்கே போக வேண்டியவர் முதலில் மேற்கே 3,300 கிலோமீற்றர் போகிறார். பின்னர் அங்கிருந்து 5,800. மொத்தம் 9,100! பறப்பது மட்டும் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல். இடையில் ஒன்பது மணித்தியாலக் காத்திருப்பு. வரும்போதும் இதே கதை. நேரடிப் பயணத்தோடு ஒப்பிட்டால் போக வர முப்பது மணித்தியாலம் அதிகம். அவரோ கடையை விட்டு நிற்கப் போவது நான்கே நாட்கள். குவாங்சோ ரயில் நிலையத்தை அண்டிய ஆடைச் சந்தைகள் மாலையானால் அடங்கிவிடும். பாதித் தூக்கத்தில் போய் நின்று துணியின் தரத்தை எப்படிப் பார்ப்பது, விலை எப்படிப் பேசுவது? அந்த 18 ஆயிரத்தை ஒரேயொரு பிழையான பொதி விழுங்கிவிடும் என்றேன். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

கோலாலம்பூர் வழி அவ்வளவு மோசமில்லை. மொத்தம் 5,100 கிலோமீற்றர்தான். காத்திருப்பு இரண்டு மூன்று மணித்தியாலமாக இருந்தால், விலையும் குறைவென்றால், தாராளமாக எடுக்கலாம்.

யிவூ சந்தைக்கு மட்டும் போகிறவர்கள் குவாங்சோவுக்கு டிக்கட் போடுவது வீண். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர். அவர்கள் ஷங்காய் அல்லது ஹாங்சோ சென்று இறங்குவதே இலேசு. ஏஜன்டிடம் விலையைக் கேட்கும் முன் இறங்கும் ஊரையும் இடைநிற்கும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.