மண்ணைக் காக்க ஒரு சதம்



கிராமத்து மண்ணையும் நீரையும் பேணுவதற்கு அரசாங்கம் பொருளுதவி செய்யவேண்டும் என்று சொல்லாதவர் இல்லை. ஆனால், அவ்வுதவியைப் பெறுவது எப்படி? பெற்றது ஆண்டுதோறும் வற்றாமல் வருவது எப்படி? அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மிசூரி என்னும் மாநிலத்து மக்கள் இவ்வினாக்களுக்குக் கண்ட விடையை இன்று எடுத்துரைக்க எண்ணுகின்றேன்.

1930ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் அந்நாட்டின் பெருஞ் சமவெளிகளில் மழை பொய்த்தது. உழுது வெறுமையாய்க் கிடந்த நிலத்தின் மண் புழுதிப் புயலாய் எழுந்து, தொலைவிலுள்ள தலைநகரின் வானத்தையும் மறைத்தது. 1935இல் மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மாதிரிச் சட்டம் ஒன்றினை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். கமக்காரர் தத்தம் பகுதியில் மண் பாதுகாப்புச் சபைகளை அமைத்துக்கொள்ள அது வழி வகுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வட கரோலினாவில் முதற் சபை தோன்றியது. காலப்போக்கில் மிசூரியிலும் இத்தகைய சபைகள் பரவின.

ஆயினும், சபை இருப்பதால் மட்டும் மண் நின்றுவிடாது. 1982இல் எடுத்த கணக்கின்படி, மிசூரியின் பயிர்நிலத்திலே ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 தொன் மண் அரிக்கப்பட்டது. அந்த வேகத்திலே சென்றால் ஏறக்குறைய 15 ஆண்டுகளில் ஓர் அங்குல மண் போய்விடும். அதே ஓர் அங்குலத்தை இயற்கை ஆக்குவதற்கோ பல நூறு ஆண்டுகள் வேண்டும்!

1984இல் இவ்விடயம் மக்களின் வாக்குக்கு விடப்பட்டது. விற்பனையாகும் பொருளின் விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரி. அதாவது, பத்து டொலருக்குப் பொருள் வாங்குபவர் ஒரு சதம் செலுத்தவேண்டும். திரளும் பணத்தில் பாதி மண்ணுக்கும் நீருக்கும். மறுபாதி மாநிலப் பூங்காக்களுக்கு. கலப்பையைத் தொட்டறியாத நகரத்தவருக்கும் இதில் ஒரு பயன் இருந்தது. மிகச் சிறிய வித்தியாசத்திலேயே வரி நிறைவேறியது. வேறு செலவுக்கு எடுக்க இயலாதவாறு, அது மாநிலத்தின் அரசியலமைப்பிலேயே பொறிக்கப்பட்டது.

பணம் கமக்காரரைச் சென்றடையும் முறையும் அறியத்தக்கது. அங்கே 114 சபைகள் உள்ளன. சபையினருட் பெரும்பாலோர் அயலவரால் தெரிந்தெடுக்கப்பட்ட நிலவுடைமையாளர். வேதனமின்றிப் பணி செய்பவர். கமக்காரர் ஒருவர் சரிவுக்குக் குறுக்கே மண்வரம்பு கட்டவோ, நீர் வடியும் வழியிற் புல் வளர்க்கவோ விரும்பினால் சபையை நாடுவார். வேலை முறைப்படி முடிந்தது என்று உறுதியான பின்பே பணம் கிடைக்கும். அதுவும் பெரும்பாலும் செலவில் நூற்றுக்கு 75 வீதம் வரையே. எஞ்சியது அவர் பொறுப்பு. தன் பணமும் கலந்திருப்பதால் அவர் அவ்வரம்பைக் கண்ணுங் கருத்துமாய்க் காப்பார்.

அடுத்த கால் நூற்றாண்டில் மண்ணரிப்பு ஏறக்குறையப் பாதியாயிற்று. மத்திய அரசாங்கத்தின் திட்டங்களுக்கும் இதிற் பங்குண்டு. எனினும், மாநிலத்து மக்கள் தம் சதத்தின் பயனைக் கண்டனர். இவ்வரி நிரந்தரமானதன்று; குறித்த காலம் முடிந்ததும் மீண்டும் மக்களின் சம்மதத்தைப் பெறவேண்டும். 1988, 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் சம்மதித்தனர். முதலில் மயிரிழையில் தப்பிய வரிக்கு, 2016இல் வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பேர் இசைந்தனர்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? இழப்பை அளந்து காட்டவேண்டும். பணத்தைக் கையாளும் பொறுப்பு ஊரவரிடம் இருக்கவேண்டும். கொடுத்தவர் முன் காலந்தோறும் கணக்குடன் நிற்கவேண்டும். இம்மூன்றும் அமைந்த இடத்தில் பொதுப் பணம் வறண்டுபோவதில்லை. மண்ணும் தங்குகிறது.