மருத்துவர் அத்துமீறினால்: புகார் யாரிடம் போக வேண்டும்?

முதுகு வலி, இடுப்பு வலி என்று வந்த சிறுமிகளைச் ‘சிகிச்சை’ என்ற பெயரில் பாலியல் வன்கொடுமை செய்தவர் லாரி நாசர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்தவர். 2018 ஜனவரியில் 156 பேரின் வாக்குமூலங்களை ஏழு நாட்கள் கேட்ட நீதிபதி ரோஸ்மேரி அக்விலினா, அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தார். ஆனால் பல்கலைக்கழகப் பயிற்சியாளரிடம் 16 வயதுச் சிறுமி ஒருத்தி 1997-லேயே முறையிட்டிருந்தாள். அப்போதே யாராவது காது கொடுத்திருந்தால் நூற்றுக்கணக்கானோர் தப்பியிருப்பார்கள்.

அம்மா அறையிலேயே இருந்தார்

ரேச்சல் டென்ஹாலண்டர் 2000-ல் முதுகு வலிக்காக நாசரிடம் போனபோது அவருக்கு வயது 15. அம்மாவும் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் பார்வை படாதபடி உடம்பால் மறைத்து நின்றுகொண்டு நாசர் அத்துமீறினார். இவ்வளவு பெயர் பெற்ற மருத்துவர் தவறு செய்தால் இதற்குள் யாராவது புகார் கொடுத்திருப்பார்கள், விசாரித்திருப்பார்கள் என்றுதான் அந்தச் சிறுமி நினைத்தாள்.

இடுப்புத்தளத் தசைகளுக்கு உட்புறமாகச் செய்யும் சிகிச்சை மருத்துவத்தில் உண்மையிலேயே உண்டு. அதன் பின்னால்தான் நாசர் ஒளிந்துகொண்டார். விளக்கம் சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை, கையுறை அணியவில்லை. கேள்வி எழுந்தபோதெல்லாம் “இது மருத்துவ முறை” என்பதே பதிலாக வந்தது.

விசாரித்தவர்கள் யார்?

2014-ல் இன்னொரு பெண் பல்கலைக்கழகத்திடம் முறையாகப் புகார் கொடுத்தார். அது சரியான சிகிச்சைதானா என்று கருத்துச் சொன்னவர்கள், நாசரோடு வேலை பார்த்த, அவரை அறிந்த மருத்துவத் துறையினர். தவறில்லை என்று பல்கலைக்கழக விசாரணை முடிந்தது. கையுறை அணிய வேண்டும், இன்னொருவர் உடனிருக்க வேண்டும் என்று நாசர் பணியாற்றிய கல்லூரியின் முதல்வர் வில்லியம் ஸ்ட்ராம்பெல் நிபந்தனை போட்டார். அது நடக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. இந்தக் கடமை தவறலுக்காகவும் 2019-ல் அவர் தண்டிக்கப்பட்டார். காவல்துறை விசாரணை நிலுவையில் இருந்த காலத்திலும் நாசர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2015-ல் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் போயும் நடவடிக்கை இல்லை. அந்த இடைவெளியில் சுமார் 70 பேர் பாதிக்கப்பட்டதாக அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2021-ல் அறிக்கை தந்தார். 2016 செப்டம்பரில் டென்ஹாலண்டர் தன் பெயரோடும் முகத்தோடும் ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’ நாளிதழிடம் பேசிய பிறகுதான் மற்றவர்கள் துணிந்து முன்வந்தார்கள். 332 பேருக்கும், பின்னால் முன்வரக்கூடியவர்களுக்குமாகப் பல்கலைக்கழகம் 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

இது ஓர் ஊரின் கதை அல்ல

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் மருத்துவமனையில் மகளிர் நோய் மருத்துவராக இருந்த ஜார்ஜ் டிண்டால் மீது, உடன் வேலை பார்த்த செவிலியர்களே ஆண்டுக்கணக்காகப் புகார் சொன்னார்கள். பல்கலைக்கழகமோ 2017-ல் பணம் கொடுத்துச் சத்தமில்லாமல் அவரை வெளியே அனுப்பியது. கடைசியில் இழப்பீடு 100 கோடி டாலரைத் தாண்டியது. கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ராபர்ட் ஹேடன், நோயாளி ஒருவரின் புகாரில் 2012-ல் கைதானார். சில நாட்களிலேயே மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். 2023-ல்தான் 20 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

மூன்று இடங்களிலும் நிறுவனம் தன் பெயரைக் காப்பாற்றியது, நோயாளியைக் கைவிட்டது.

முறையான பரிசோதனை எப்படி இருக்கும்?

• என்ன செய்யப்போகிறார், ஏன் செய்கிறார் என்று மருத்துவர் முதலில் விளக்குவார், சம்மதம் கேட்பார்.
• தேவைப்படும் பகுதியை மட்டும் விலக்கச் சொல்வார். உள்பரிசோதனைக்குக் கையுறை அணிவார்.
• பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். இந்தியாவில் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளிகள் உரிமைச் சாசனம் இதை உரிமையாகவே சொல்கிறது.
• “வேண்டாம், நிறுத்துங்கள்” என்றால் உடனே நிறுத்துவார், கோபப்பட மாட்டார்.

குழந்தையோடு போகும் பெற்றோர் அறையில் இருந்தால் மட்டும் போதாது. மருத்துவரின் கை எங்கே இருக்கிறது என்று தெரியும் இடத்தில் நில்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் “டாக்டர் என்ன செய்தார்?” என்று குழந்தையிடம் கேளுங்கள்.

புகார் வெளியே போகட்டும்

மருத்துவமனை நிர்வாகத்திடம் சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. காவல் நிலையத்துக்கும் மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், உடனிருந்தவர் யார் என்பதையெல்லாம் அன்றே குறித்துவையுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. மருத்துவமனை ஊழியர் அங்கே வரும் குழந்தையிடம் அத்துமீறுவதை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கடுமையான குற்றமாகக் கருதுகிறது. தெரிந்தும் மறைக்கும் நிறுவனத் தலைவருக்கும் அதில் சிறைத்தண்டனை உண்டு.

பெரும்பாலான மருத்துவர்கள் நேர்மையானவர்கள். அவர்கள் மீதுள்ள நம்பிக்கையைக் காப்பதற்கும் இப்படிப் புகார் செய்வதே வழி. உங்கள் மகளோ மகனோ “அந்த டாக்டரிடம் போக மாட்டேன்” என்று சொன்னால் அதட்டாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள், சொல்வதை நம்புங்கள், புகார் கொடுங்கள்.