கால்வாய்க்கு மேல் ஒரு கூரை

மாசி, பங்குனி வந்துவிட்டால் நமது தோட்டங்களில் பீலித் தண்ணீர் நூல் போல இறங்கிவிடும். லயத்துப் பெண்கள் விடியுமுன்பே குடங்களை வரிசை வைப்பார்கள். அவ்வேளைகளில், "இந்தியாவில் கால்வாயையே சூரியத் தகடுகளால் மூடித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார்களாமே, இங்கும் செய்யலாகாதா?" என்று எம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

குஜராத் மாநிலத்தின் மேசானா மாவட்டத்தில் சந்திராசன் என்னும் கிராமத்தருகே, நர்மதைத் திட்டத்தின் கிளைக் கால்வாய் ஒன்றின் மீது 2012ஆம் ஆண்டில் சுமார் 750 மீற்றர் நீளத்துக்கு இரும்புச் சட்டங்கள் பொருத்தப்பட்டு, அவற்றின் மேல் சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. அதன் மின்வலு 1 மெகாவாற். ஆண்டுக்கு 90 இலட்சம் லீற்றர் நீர் ஆவியாகாமல் மிஞ்சும் என்று மதிப்பிட்டார்கள். கேட்கப் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்குப் போதுமான நீர்தான் அது. பின்னர் வடோதராவில் 10 மெகாவாற் நிலையமொன்று அமைந்தது. 2015 சனவரியில் அப்போதைய ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் அங்கு சென்று அதனைப் பார்வையிட்டார்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? நீரை ஆவியாக்குபவை வெயிலும் உலர்ந்த காற்றும். தகடு நிழல் தருகிறது. நீர்ப்பரப்பில் காற்று வீசுவதையும் ஓரளவு தடுக்கிறது. வெயில் படாததால் பாசி வளர்வதும் குறைகிறது. நீரும் தகட்டுக்குக் கைமாறு செய்கிறது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகை சூடேறும்போதும் தகட்டின் மின்சாரம் நூற்றுக்கு 0.4 வீதமளவில் குறையும். கீழே ஓடும் நீர் அதனைக் குளிர்விக்கிறது. தரையில் 1 மெகாவாற்றுக்கு வேண்டிய நான்கைந்து ஏக்கர் காணியும் மிச்சமாகிறது. காணிக்காக ஏங்கும் நமக்கு இதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. கால்வாயைத் தாண்டி நிற்கும் இரும்புச் சட்டத்துக்குச் செலவு அதிகம். வண்டல் அள்ள இயந்திரம் இறக்குவது கடினம். தரையில் கசியும் நீரைக் கூரை தடுக்காது. சீமெந்து பூசாத வாய்க்கால்களில் பெரிய இழப்பே அந்தக் கசிவுதான்.

நமது மலைகளில் ஊறும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்கிறது. 1976 முதல் பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீரின் ஒரு பகுதி வடக்கே உலர் வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. கூரை பயன்படக்கூடிய இடம் அந்த வெயில் பூமியே. அங்கும் எல்லாக் கால்வாய்களுக்கும் இது ஒத்துவராது. கலாவாவியிலிருந்து அநுராதபுரம் செல்லும் பழைய ஜய கங்கைக்கு ஒருபக்கம் மட்டுமே கரை; மறுபக்கம் நீர் தாழ்நிலத்தில் விரிந்து கிடக்கும். எதன் மேல் சட்டம் நிறுத்துவது? அங்கே பழைய குளங்களின் மேற்புறம் முன்னோர் விட்டுவைத்த மரச்சோலையே காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைத்தது.

மூடுபனி தவழும் நுவரெலியாவிலும் அற்றனிலும் ஆவியாதல் குறைவு. நமது பீலி மெலிவதற்குக் காரணம் வெயில் குடிப்பது அல்ல. ஊற்றுக்கு மேலே காடு போனதும், ஊற்றுத் தொட்டியிலிருந்து வரும் பழைய குழாய் வழியெல்லாம் ஒழுகுவதுமே பெரும்பாலும் காரணம். அடுத்த முறை யாரேனும் எம்மிடம் இக்கேள்வியைக் கேட்டால், முதலில் அவரையும் அழைத்துக்கொண்டு அந்தக் குழாய் வழியே மேலே ஏறிப் பார்ப்பதாக இருக்கிறோம்.