பாஸ்போர்ட்டால் பி.எஃப். பணம் முடங்குமா? ஹாங்காங் கதை

ஹாங்காங் 1997 வரை பிரிட்டிஷ் காலனி. சீனாவிடம் ஒப்படைக்கும் முன்னாடி பதிவு செஞ்சுக்கிட்டவங்களுக்கு பிரிட்டன் கொடுத்ததுதான் பி.என்.ஓ. பாஸ்போர்ட். பேரு மட்டும்தான் பிரிட்டிஷ்! விசா இல்லாமல் பிரிட்டனுக்கு 6 மாதம் போய்வரலாம்; தங்கி வேலை பார்க்க முடியாது.

2021 ஜனவரி 31-ல் இவங்களுக்குத் தனி விசா வந்தது. 5 வருஷம் இருந்தா நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் பணத்துல. நம்ம பி.எஃப். மாதிரி அங்கே எம்.பி.எஃப்.: சம்பளத்தில் 5%, கம்பெனி 5%. பொதுவா 65 வயசுலதான் கைக்கு வரும். நிரந்தரமா ஊரை விட்டுப் போறவங்க முன்கூட்டியே எடுக்கலாம், ஆனா அதுக்கு ஆதாரம் காட்டணும். விசா தொடங்கிய அதே நாளில் ஹாங்காங் அரசு பி.என்.ஓ. பாஸ்போர்ட்டை ஏத்துக்கிறதை நிறுத்திடுச்சு. அதனால இந்த விசாவும் ஆதாரமா செல்லாது. லண்டன்ல வாடகை கட்டணும். சேர்த்த பணமோ ஹாங்காங்ல பூட்டிக் கிடக்குது.