உங்களுக்குத் தெரியுமா? களவு போன ரேடியோவும் உங்கள் படகு எண்ணையே சொல்லும்!

● படகின் விஎச்எஃப் ரேடியோவில் மூடிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், 70ஆம் சேனல் வழியே ஆபத்துச் செய்தி பறக்கும். கூடவே போவது எம்எம்எஸ்ஐ எனும் 9 இலக்க எண். முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும், இந்தியாவுக்கு 419.

● இந்த எண் ரேடியோவுக்கு அல்ல, படகுக்கு உரியது. திருடிய கருவியில் யாராவது அந்தப் பொத்தானை அழுத்தினாலும், ஆபத்தில் இருப்பது உங்கள் படகு என்றே கடலோரக் காவல் படை எண்ணும். பல ரேடியோக்களில் பயனரால் இந்த எண்ணை ஒருமுறைதான் பதிக்க முடியும். அழிக்கத் தயாரிப்பாளரிடமோ விற்பனையாளரிடமோ போக வேண்டும்.

● செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் இபிர்ப் கருவிக்கு 15 எழுத்து-எண் கொண்ட தனி அடையாளம் உண்டு. அந்தக் கருவி இயங்கினால், இபிர்ப் பதிவேட்டில் நீங்கள் கொடுத்த தொலைபேசி எண்களுக்குத்தான் முதலில் அழைப்பு வரும்.

● களவு போனால் என்ன செய்வது? காவல் துறையில் புகார் கொடுத்துவிட்டு, கடலோரக் காவல் படைக்கும், உரிமம் தந்த அலுவலகத்துக்கும், இபிர்ப் பதிவேட்டுக்கும் உடனே சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக, பிரிட்டனில் ரேடியோ உரிமம் தருவது ஆஃப்காம். இபிர்ப் பதிவேட்டை வைத்திருப்பது கடல்சார் மற்றும் கடலோரக் காவல் முகமை. இரண்டுக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்.

● ரேடியோவின் வரிசை எண்ணையும் இபிர்ப்பின் 15 எழுத்து-எண் அடையாளத்தையும் படம் எடுத்துக் கரையில் வைத்திருங்கள். புகார் எழுதும்போது முதலில் கேட்பது இவற்றைத்தான்.