உங்களுக்குத் தெரியுமா? பெருந்தொற்றும் மதுரை வைத்திய சமூகமும்

கொரோனாவினால் தமிழகம் கண்ட முதல் மரணம், தேசமெங்கும் ஊரடங்கு அமலுக்கு வந்த 2020 மார்ச் 25ஆம் நாளன்றே, வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை அடுத்துள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சம்பவித்தது. முதியோர் இன்றும் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே வழங்கும் அந்த ஸ்தாபனமும், 1954இல் தோன்றி அதனோடு இணைந்து நடைபெறும் மதுரை மருத்துவக் கல்லூரியும், உயர்சிறப்புச் சிகிச்சைக்கென எழுந்த கட்டடத்தைக் கொரோனா நோயாளிகளுக்கே ஒதுக்கி, ஆய்வுக்கூடத்தில் சளி மாதிரிகளைப் பரிசோதித்து, பேராசிரியர் முதல் பயிற்சி மருத்துவர் வரை யாவரும் கவச உடையின் புழுக்கத்தைச் சகித்துக்கொண்டு ஆற்றிய சேவையை நாம் போதிய நன்றியுடன் நினைப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு விசேஷம், நகரின் நெரிசலிலிருந்து விலகித் திருமங்கலம் செல்லும் வழியில் உள்ள தோப்பூர். காற்றின்வழிப் பரவும் காசநோய்க்கென்று அங்கே விசாலமான வெளியும் காற்றோட்டமும் கருதி அமைத்த மருத்துவமனை, சுவாசத்தின்வழியே பரவும் இப்புதிய வியாதிக்கும் தக்க இடமாயிற்று. இரண்டாம் அலையில் பிராணவாயுவுக்கு நாடே தவித்தபோது, 2021 மே 21 அன்று, அதன் வளாகத்திலேயே ஆக்சிஜன் வசதியுடன் 500 படுக்கைகள் கொண்ட தற்காலிகச் சிகிச்சை மையமும் திறக்கப்பெற்றது.