சனிக்கிழமை சம்பளமும் ஃபாக்ஸ்புரோ ஃபைலும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பள நாள். ஃபாக்ஸ்புரோவில் பீஸ் ரேட் கணக்கு ஏற்றும்போது கரண்ட் போகிறது. திரும்பி வந்தால் ஃபைல் திறக்கவில்லை. "எல்லாம் போச்சு" என்று பதற வேண்டாம்.

டிபிஎஃப் ஃபைலின் தலைப்பகுதியில், மொத்தம் எத்தனை ரெக்கார்டு என்ற எண் 4 பைட்டுகளில் இருக்கும். புது ரெக்கார்டு, அந்த எண் இரண்டில் ஒன்று மட்டும் டிஸ்க்கில் ஏறியிருந்தால் கணக்கு ஒத்துவராது. விஷுவல் ஃபாக்ஸ்புரோ, "இது டேபிளே இல்லை" என்று கைவிரித்துவிடும்.

முதல் வேலை, டிபிஎஃப், சிடிஎக்ஸ், எஃப்பிடி மூன்றையும் காப்பி எடுப்பது. ரிப்பேர் காப்பியில்தான்! ஃபைல் அளவில் தலைப்பகுதியைக் கழித்து, ஒரு ரெக்கார்டின் நீளத்தால் வகுத்தால் சரியான எண்ணிக்கை வரும், மிச்சத்தை விட்டுவிடலாம். அந்த எண்ணை ஹெக்ஸ் எடிட்டரில் திருத்துங்கள்.

ஃபைல் திறந்தும், தேடிய பெயர் சிக்கவில்லையா? இண்டெக்ஸ் கோளாறு. கெட்டுப்போன சிடிஎக்ஸுக்கு ரீஇண்டெக்ஸ் போதாது. அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். இதற்காகவே இண்டெக்ஸ் கட்டளைகளை முன்கூட்டியே எழுதிவைப்பது நல்லது.

2015-இல் மைக்ரோசாஃப்ட் இதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இனி நம் பேக்கப்தான் துணை. கடைசி ரெக்கார்டை மட்டும் பீஸ் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். அந்த ஒரு வரி, டெய்லர் அக்கா ஒருவரின் ஒரு நாள் உழைப்பு.